மஞ்சள் முக்காட்டுக்குள் யார்

புங்கனேரியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்குத் தெருவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பெண்கள் மஞ்சள் சேலை உடுத்தி, முகம் தெரியாமல் முக்காடு போட்டுத்தான் வெளியே வருவார்கள். ஆண்களுக்கு மஞ்சள் வேட்டி; சட்டை கிடையாது. பைக்கை ஊர் எல்லையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

காந்திமதிக்கு இந்த எட்டு நாளும் ஜெயில்தான். அவள் வாசலில் நின்று கூப்பிட்டால் கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது ஊர்ப்பேச்சு. ஆறு வருஷமாக அந்தக் குரல் பெரும்பாலும் பக்கத்து வீட்டு மலர்விழிக்கே செலவானது. மலர்விழி, காந்திமதியின் கணவன் பாண்டுரங்கனுடைய அண்ணன் மனைவி. சாக்கடை யார் வாசல் வழியாகப் போவது என்று ஆரம்பித்த சண்டை.

இந்த வருஷம் காப்பின் ஐந்தாம் நாள், பட்டப்பகலில், காந்திமதியின் கறவை மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. நேரே போனால் பைபாஸ், லாரிகள். கத்தப் போனவள் காப்பு நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எதிரே வந்த ஒரு முக்காடு கைகளை விரித்து வழி மறித்தது. மாடு வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் பாய்ந்தது. இருவரும் ஜாடையிலேயே பேசி, மடக்கி, முக்கால் மணி நேரம் அலைந்து கயிற்றைப் பிடித்தார்கள். அப்போதுதான் இருவர் முக்காடும் நழுவியது.

மலர்விழி.

கயிற்றை விட்டால் மாடு ஓடிவிடும். இருவருமே விடவில்லை. கொட்டகையில் கட்டியதும் காந்திமதி சொம்பில் தண்ணீர் நீட்டினாள். மலர்விழி குடித்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள் காப்பு அவிழ்த்ததும் காந்திமதி வாசலுக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். குரல் மட்டும் பழக்கப்பட்ட உயரத்திலேயே வந்தது.

“யக்கா, நீ இல்லன்னா மாடு லாரியில மாட்டியிருக்கும்.”

தெருவே எட்டிப் பார்த்தது. மலர்விழிக்குக் கூசிப்போயிற்று.

“ஏன் ஊரக் கூட்டிக்கினு சொல்ற? ஒழுங்கா கட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு மாடு?”

“கயித்த மொதல்ல புடிச்சது நானு.”

சண்டை மத்தியானம்வரை நடந்தது. சாயங்காலம் காந்திமதி ஒரு சொம்புப் பாலைக் கணவனிடம் கொடுத்து, யாருக்கு என்று சொல்லாமல், பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினாள். பாலில் தண்ணீர் அதிகம் என்று மலர்விழி சொல்லியனுப்பினாள். நாளைக்கும் அனுப்பச் சொன்னாள்.