சலவை அறையில் ஓர் அறிவிப்பு

எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி, பத்து வீடு. பதினோரு வருடமாக அதில் இருக்கிறேன். நார்வேயில் எங்கள் ட்ரோன்ஹெய்ம் நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நாங்கள் காட்டும் பெரிய மரியாதை ஒன்று உண்டு. அவர் படியில் இறங்கும் சத்தம் கேட்டால், அவர் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை நம் கதவைத் திறக்க மாட்டோம்.

லியோனோர் ஆகஸ்டில் வந்தாள். போர்ச்சுகலில் பிராகா என்ற ஊர், இருபத்திரண்டு வயது, ஒரு வருடம் இங்கே சமூகவியல் படிக்க வந்தவள். வந்த வாரம் படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று பேசினாள். அடுத்த மாதம் தலையை மட்டும் அசைத்தாள். அக்டோபரில் அவளும் கதவுக்குப் பின்னால் நின்று சத்தம் அடங்கக் காத்திருந்தாள். பெண் நன்றாகப் பழகிவிட்டாள் என்று எங்களுக்குத் திருப்தி.

அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு, வட ஐரோப்பிய நகரங்களில் தனிமை. தனிமையில் வாடும் சிலரைப் பிடித்து இருபது கேள்விகளுக்குப் பதில் வாங்க வேண்டும். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, அடித்தளத்துப் பொதுச் சலவை அறையில் அறிவிப்பு ஒட்டினாள். யாரிடமும் காட்டாமல், எங்கள் மொழியில் தானே எழுதியது. ‘தனிமையில் இருப்பவர்களோடு பேச விரும்புகிறேன், சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பொது அறைக்கு வாருங்கள்’ என்பது அவள் நினைத்தது. ஒரு சொல் இடம் மாறிவிட்டது. காகிதத்தில் இருந்தது: ‘தனிமையில் இருக்கிறேன், யாரோடாவது பேச விரும்புகிறேன்.’

அந்தப் பிழையை முதலில் பார்த்தவள் நான்தான். பத்திரிகையில் பிழை திருத்துவது என் வேலை. பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

சனிக்கிழமை லியோனோர் பொது அறையில் பத்துப் படிவங்கள், பென்சில்கள், எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், அழுகிறவர்களுக்காக ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவர் வந்தாலே பெரிது என்று நினைத்தாளாம். பதினொன்று அடிப்பதற்குள் ஒன்பது வீட்டுக்காரர்களும் வந்துவிட்டோம். இரண்டாம் மாடி கூன்வோர், மருத்துவமனையில் தாதியாக இருப்பவள், வாஃபிள் அப்பம் சுடும் கருவியோடு வந்தாள். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஸ்டைனர், ஐம்பதைத் தாண்டிய பேருந்து ஓட்டுநர், ஒரு கட்டி பழுப்புப் பாலாடைக்கட்டி கொண்டுவந்தார். இருவரும் கைகுலுக்கி ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக்கொண்டார்கள். எட்டு வருடமாக அவர் இருமுவது இவளுக்குக் கேட்கும். இவள் பாத்திரம் கழுவுவது அவருக்குக் கேட்கும்.

லியோனோர் மலைத்துப்போனாள். ஒரு கட்டடத்தில் அத்தனை பேருமா தனிமை! படிவங்களை நீட்டினாள். கூன்வோர் ஒன்றை வாங்கி, வாஃபிள் தட்டுக்கு அடியில் விரித்துவிட்டு அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

“எழுதறதெல்லாம் அப்புறம். முதல்ல சாப்பிடும்மா. எத்தனை நாளா இப்படி மனசுக்குள்ளயே வெச்சிருந்த?”

எதை என்று லியோனோருக்குப் புரியவில்லை. ஆய்வைத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, இரண்டு மாதமாக என்றாள். ஒன்பது பேரும் வருத்தத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப்பின் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. பகல் ஒரு மணிக்கு ஸ்டைனர் எங்கள் எல்லோரையும் துறைமுகத்துச் சவுனா நீராவிக் குளியலுக்கு அழைத்துப்போனார். வியர்த்து ஒழுகியபின் குளிர்ந்த கடலில் குதித்தே ஆகவேண்டும் என்றார். லியோனோர் ஆராய்ச்சியாளருக்கு உரிய நிதானத்தோடு மறுத்தாள், பிறகு குதித்தாள். அவள் போட்ட கூச்சலில் பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்து, எல்லாம் சரிதானா என்று கேட்டார். கூன்வோர் தன் கம்பளிக் காலுறைகளைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். சாயங்காலம் முதல் மாடிக்காரர் தன் பாட்டுக்குழுப் பயிற்சிக்கு அவளை இழுத்துப்போய், ஆண்குரல் வரிசையில் நிற்கவைத்துப் பாடவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காட்டுக்குப் போனோம். புதுப்பனி. நெருப்பு மூட்டி, குச்சியில் தொத்திறைச்சி சுட்டோம். ஸ்டைனர் நெருப்பைப் பார்த்தபடி, லியோனோருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தன் கதையைச் சொன்னார். மனைவி பிரிந்து ஆறு வருடம். சாப்பாடு தட்டில் போடுவதில்லை, அடுப்படியில் நின்றபடியே முடிந்துவிடும். வேலைக்குப் போகும்போது வானொலியை அணைப்பதில்லை. திரும்பிக் கதவைத் திறக்கையில் வீட்டில் ஒரு குரல் இருக்குமாம். அவர் முடித்ததும் கூன்வோர் ஆரம்பித்தாள். அவளுடையது இன்னும் நீளம்.

லியோனோர் ஆவலாகப் பைக்குள் கைவிட்டு ஒரு படிவத்தை எடுத்து ஸ்டைனரிடம் நீட்டினாள். அவர் முதல் கேள்வியைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது தனிமையில இருக்கறவங்களுக்குத்தானே? எனக்கென்னம்மா குறை. உன்னை நெனச்சுத்தான் வந்தேன்.”

“என்னை நெனச்சா? எனக்கென்ன?”

பாவம், வெட்கப்படுகிறாள் என்று கூன்வோர் பேச்சை மாற்றினாள்.

திரும்பி வரும் வழியில் மற்றவர்களை முன்னே விட்டு அவளிடம் உண்மையைச் சொன்னேன். எந்தச் சொல் எங்கே போனது என்று பனியில் குச்சியால் எழுதிக் காட்டினேன். அவள் முகம் சிவந்தது.

“அப்போ ரெண்டு நாளா என் மேல பரிதாபப்பட்டுத்தானா இதெல்லாம் செஞ்சாங்க?”

“ஆமா.”

“நீங்க பார்த்தீங்கல்ல? ஏன் திருத்தல?”

“திருத்தியிருந்தா ஒருத்தரும் வந்திருக்கமாட்டாங்க. நான் தனியாக் கெடக்கறேன்னு ஒத்துக்கிட்டு, எல்லார் கண்ணு முன்னாடியும் படி எறங்கி வர இந்தக் கட்டடத்துல யாருக்குத் துணிச்சல் இருக்கு? அடுத்தவங்களுக்கு உதவின்னா கூச்சமில்லாம வருவோம்.”

அவள் பனியில் இருந்த எழுத்தைக் காலால் அழித்தாள். பிறகு, நீங்களும் உதவத்தான் வந்தீர்களா என்று கேட்டாள். வேறு எதற்கு என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

காட்டில் கேட்டதையெல்லாம் அவள் பெயர் போடாமலாவது கட்டுரையில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவர்கள் சொன்னது தனக்கு ஆறுதலாக, ஆய்வுக்கு அல்ல என்றாள். படிவங்களை மட்டும் வீடு வீடாகக் கொடுத்து வாங்கினாள். ‘தனிமையாக உணர்கிறீர்களா’ என்ற கேள்விக்கு ஒன்பது பேரும் ‘இல்லை’ என்று குறித்திருந்தோம். இந்த நகரத்தில் ஒரு கட்டடம் முழுக்கத் தனிமையே இல்லாமல் வாழ்கிறது என்று அவள் கட்டுரை முடிந்தது. பேராசிரியர் நல்ல மதிப்பெண் போட்டார்.

சனிக்கிழமை வாஃபிள் நிற்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அவளுக்காகக் கூடினோம். அவள் பாதி நாள் வரமாட்டாள். வகுப்பில் நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள், பிறகு ஒரு காதலனும். கூன்வோர் மன்னித்தாள். அந்தப் பெண் எந்த நேரமும் மனமொடிந்து வரக்கூடும், அப்போது இங்கே ஆள் இருக்கவேண்டும் என்றாள்.

ஜூனில் லியோனோர் ஊருக்குப் போய்விட்டாள். விமான நிலையத்துக்கு ஒன்பது பேரும் போனோம். அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கீழே இறங்கினேன், சும்மாதான். எட்டுப் பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டைனர் கூன்வோரின் தட்டில் பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“பாவம் அந்தப் பொண்ணு,” என்றாள் கூன்வோர். “அங்க தனியா என்ன பண்றாளோ.”

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு ஒரு வாஃபிள் தள்ளி வைத்தாள்.