மகளிடம் இருக்கும் ஒரே முகவரி

கண்மணியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்த சுதா, குடிக்கப்போன தேநீரைக் கீழே வைத்துவிட்டாள்.

“நாலாயிரத்து எழுநூறு மெயிலா? என்னக்கா, தீபாவளிச் சந்தை தோத்துச்சு போங்க.”

சனிக்கிழமை மதியம், தேக்கா உணவங்காடி கூட்டத்தில் நெரிந்துகொண்டிருந்தது. இருவரும் ஈசூனில் ஒரே பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள். தன் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் எட்டுப் பெண்களுக்கும் சேர்த்து ஆன்லைனில் புடவை வாங்குவது கண்மணிதான்; எல்லாருடைய ஆர்டருக்கும் அவள் மின்னஞ்சலைத்தான் கொடுப்பாள். போன மாதம் ஒரு புதுத் தளம் பரிசுக் குலுக்கல் என்றது, தொடர்புப் பட்டியலைப் பார்க்கலாமா என்றது. எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டியிருந்தாள்.

“இதை மூடிடுங்க. கடைக்கு ஒண்ணு, பேங்குக்கு ஒண்ணுன்னு புதுசா ரெண்டு திறப்போம். கடைக்காரன் வித்தாலும் குப்பை அங்கயே கிடக்கும்.”

“மூட முடியாது.”

“ஏன்லா?”

“சிவானிகிட்ட இதுதான் இருக்கு.”

ஸைஃபைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கண்மணியின் மகள் பாசிர் ரிஸ் வட்டாரத்துக்குக் குடிபோய் இரண்டு வருடமாகிறது. கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டாள். ‘ஏதாச்சும் சொல்லணும்னா மெயில் போடுங்கம்மா’ என்றுதான் கிளம்பினாள். கண்மணி போடவில்லை. பெற்றவள் எதற்கு முதலில் எழுத வேண்டும்? ஆனால் தினமும் காலையில் சலுகைக் கடிதங்களைத் தள்ளித் தள்ளி ஒரு பெயரைத் தேடுவாள்.

“வியாழக்கிழமை வந்துச்சு,” என்று ஒன்றைத் திறந்து காட்டினாள். அனுப்பியவர் இடத்தில் சிவானியின் பெயர். உள்ளே, ‘எங்கள் படங்களைப் பார்க்க இங்கே அழுத்தவும்.’

சுதா பெயரைத் தொட்டதும் அதன் அடியில் முகவரி விரிந்தது. அர்த்தமில்லாத எழுத்துகளும் எண்களும். “பேர் மட்டும்தான் அவங்களோடது. அழுத்தினீங்களா?”

“இல்லை.”

அது எச்சரிக்கையால் அல்ல. படத்தில் ஒரு குழந்தை இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தால். அதைச் சுதாவிடம் சொல்ல முடியுமா?

“அந்தக் குலுக்கல்காரன் உங்க தொடர்புப் பட்டியலையே எடுத்திருக்கான்க்கா. அப்ப உங்க பேர்லயும் அவங்களுக்குப் போயிருக்கும்.”

கண்மணி அதை நினைத்துப் பார்த்தாள். இரண்டு வருடம் கழித்து அம்மாவின் பெயரில் ஒரு கடிதம், உள்ளே பாதி விலைப் பட்டுப்புடவை. பெயரைப் பார்த்ததும் மகள் ஒரு கணம் ஆசையோடு திறந்திருப்பாளோ? அதன்பிறகு தன் முகவரியையே தடுத்து வைத்திருப்பாளோ?

சுதா கடவுச்சொல்லை மாற்றினாள். கடைகளுக்கென்று ஒரு புது முகவரி திறந்தாள். “பழசு உங்க மகளுக்கு மட்டும் இருக்கட்டும். என் பேர்ல வந்ததெல்லாம் நான் அனுப்பலைன்னு இப்பவே ஒரு வரி எழுதுங்க.”

“அதையும் திருடன்தான் எழுதினான்னு நினைச்சா?”

“திருடனுக்குத் தெரியாததை எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு வடை வாங்க எழுந்து போனாள்.

கண்மணி எழுதினாள், அழித்தாள். நலமா என்று எந்தத் திருடனும் கேட்பான். கடைசியில் மெதுவாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்:

‘ஸைஃப் பழம் வாங்கிட்டு வந்த அன்னைக்கு, தலைவலின்னு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். தலைவலி இல்லை சிவானி. உள்ளேயிருந்து நீங்க ரெண்டு பேரும் பேசினதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.’

வடைத் தட்டோடு சுதா திரும்பி வருவது தெரிந்தது. கைப்பேசியை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு அனுப்பினாள்.