பம்பாய்க்குப் போன தந்தி

"சாமி சிலை எட்டடி இருக்கணும்னாங்க. நான் ஒன்பதடிக்குப் பண்ணிட்டேன்."

"ஏங்க அப்படி?"

"சுருங்கும்ல?"

"எது சுருங்கும்?"

"அதான் கூத்து. நம்ம ஊர்ல பீங்கான் மண்ணுல எட்டடி வேணும்னா ஒன்பதடிக்குப் பண்ணணும். சூளையில வெந்து வர்றப்ப எட்டா வந்து நிக்கும். கை அப்படியே பழகிப் போச்சு. பம்பாயில பிளாஸ்டரு. பிளாஸ்டர் எங்க சுருங்குது? அப்படியே மலை மாதிரி நின்னுச்சு. செட்டு வாசல்ல நுழையல. பாதி சாமி உள்ள, பாதி சாமி வெளிய."

"அய்யய்யோ! அடிச்சாங்களா?"

"அடிக்கத்தான் ரெண்டு பேரு வந்தாங்க. சாப் வந்து சுத்திச் சுத்திப் பார்த்தாரு. 'எடுக்காதே, அப்படியே இருக்கட்டும். கதாநாயகன் வீட்டுக்குத் திரும்பி வரான், சாமி வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது. இதுதான் ஷாட்டு'ன்னாரு. அன்னியிலேர்ந்து நான் அவரு ஆளு."

கல்யாணமான எட்டாம் நாள், ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸில் ராஜவேலு இதைச் சொன்னான். சௌந்தர்யா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்து முறைத்தாள். அது எண்பத்தைந்தாம் வருஷம். அந்த மாதக் கடைசியில் அவன் பம்பாய்க்கு ரயில் ஏறினான். 'போயிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பினாள். அடுத்தடுத்த வருஷங்களிலும் அதையே சொன்னாள். வேறு ஒன்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தொண்டை வரை வரும். போகாதீங்க. அவ்வளவுதான். ஆனால் சொன்னதில்லை.

சாப் என்று அவன் சொன்னது நிரஞ்சன் பக்ஷியை. இந்திப் படங்களில் இருபது வருஷம் கதாநாயகன். பல படங்களைத் தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்தவர். பிரிவினையின்போது தாயோடு ரயிலில் வந்து இறங்கி, தாதர் ஸ்டேஷனில் சீப்பு விற்றதும், கூட்டத்தில் ஒருவனாக நின்ற முதல் படத்தில் வசனமில்லாமல் அழுது எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்ததும், இருபத்தொன்பது வயதில் முதல் படம் இயக்கியதும் சௌந்தர்யாவுக்கு மனப்பாடம். புருஷன் தன்னைப் பற்றி எழுதியதைவிட அவரைப் பற்றித்தான் கடிதத்தில் அதிகம் எழுதுவான். அவள் பி.ஏ. படித்தவள், தனியாக இந்திப் பரீட்சைகளும் எழுதித் தேறியவள். அவர் பேட்டி வந்த இந்திப் பத்திரிகையை அவன் அனுப்பினால் ஒரு வரி விடாமல் படிப்பாள். சக்களத்தியின் ஜாதகத்தைப் படிப்பது போல இருக்கும்.

எண்பத்தெட்டில் அவளுக்கு முதல் பிரசவம். சேத்தியாத்தோப்பில் அம்மா வீட்டில் இருந்தாள். வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையிலேயே அப்பா பம்பாய்க்குத் தந்தி கொடுத்தார். மறுநாள் பெண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது. ராஜவேலு வந்து சேர்ந்தது ஆறாம் நாள். "தந்தியை ஸ்டூடியோ பியூன் வச்சுக்கிட்டான். மூணு நாள் கழிச்சுத்தான் என் கைக்கு வந்துச்சு" என்று அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவளும் அழுதாள். முகம் தெரியாத அந்தப் பியூனை இருவருமாகச் சேர்ந்து சபித்தார்கள். தெரிந்திருந்தால் வந்திருப்பார் என்ற ஒரு நினைப்பில்தான் அதன் பிறகு அவளால் எழுந்து நடமாட முடிந்தது. தெரிந்தால் வரக்கூடியவரிடம் 'போகாதீங்க' என்று கேட்பது அவரைச் சந்தேகப்படுவது போல அல்லவா?

பிறகு பக்ஷியின் பெரிய படம் விழுந்தது. ஐந்து வருஷம் எடுத்த படம் ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டுப் போயிற்று. ஸ்டூடியோ கைமாறியது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் கழன்றவன் ராஜவேலு. தொண்ணூறில் ஊருக்கு வந்து, பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ஊறுகாய் ஜாடியும் கொலு பொம்மையும் போட ஆரம்பித்தான். இரண்டு வருஷம் நிம்மதியாகப் போயிற்று. இப்போது சௌந்தர்யாவுக்கு ஏழாம் மாதம். அம்மா போன வருஷம் தவறிப்போனதால் பிரசவத்துக்குப் போக அம்மா வீடும் இல்லை.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. உள்ளே ஒரு பெரியவர். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சால்வை, கையில் தடி. வண்டிக்காரர் இறங்கி வந்து, "மங்கலம்பேட்டை பாய் வூட்டு விருந்தாளின்னு நினைச்சு அங்க போவவான்னு கேட்டேம்மா. தலைய ஆட்டி ஆட்டி ராஜவேலு ராஜவேலுங்கறாரு" என்றார்.

மாமியார் கொளஞ்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாருடி அது? அடகுக்கடை சேட்டா? என்னத்தடி வச்ச?"

"இல்லத்தே. அவரு முதலாளி. பம்பாய்."

"இவரா? அவரு ராசா மாதிரி இருப்பாருன்னானே? இவருக்கு ரெண்டு நாளா சோறு போடலியாட்டம் இருக்குதே!"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பத்திரிகைப் படங்களில் பார்த்த அதே கண்கள்தான், ஆனால் முகம் அவற்றிலிருந்து கீழே வழிந்துவிட்டது போல இருந்தது. சௌந்தர்யா இந்தியில் உள்ளே வரச் சொன்னதும் குழந்தை போலச் சந்தோஷப்பட்டார்.

"ஜங்ஷனில் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை மகளே. ஒரு டீக்கடைக்காரர் மட்டும் உற்றுப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்."

அவள் சிரித்துவிட்டாள். அதற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

ஆள் போய்ச் சொல்ல, ஷெட்டிலிருந்து கையெல்லாம் மண்ணோடு ராஜவேலு ஓடி வந்தான். அப்படியே அவர் காலில் விழுந்தான். அவர் அவனைத் தூக்கி, மண் கையைத் தன் சால்வையில் துடைத்தார். பேச ஆரம்பிக்க இருமல் விடவில்லை. சௌந்தர்யா முதலில் வெந்நீரும் பிறகு டீயும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் வந்த விஷயம் இதுதான். கடைசியாக ஒரு படம் எடுக்கிறார். தன் கதையையே. இளம் வயது பக்ஷியாக ஒரு புதுப் பையன் நடிக்கிறான். அவன் மூக்கையும் தாடையையும் பக்ஷியுடையதாக மாற்ற வேண்டும். அதற்கு அவருடைய ஐம்பது வயது முகத்தின் அச்சு வேண்டும், அச்சை எடுத்த கையும் வேண்டும். ஆறு மாத வேலை. நாளை சாயங்கால ரயிலுக்கு இரண்டு டிக்கெட் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"மூன்று கடிதம் போட்டேன். நீ பிடி கொடுத்து எழுதவில்லை. அதனால் நானே வந்துவிட்டேன்."

ராஜவேலு மனைவியைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து, கல்யாண வேட்டியில் சுற்றிய அந்த அச்சை எடுத்து வந்து பிரித்தான். அவர் அதை இரு கையாலும் வாங்கி, உள்குழிவில் விரலை விட்டுத் தன் பழைய மூக்கைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது.

சௌந்தர்யா அவர் விரலையே பார்த்தாள். இந்த மனிதரை வெறுத்துவிட முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும்! எல்லோரும் விட்டுப் போன ஒரு கிழவர், இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து, தன் புருஷனைத் தேடி வந்திருக்கிறார். இவரிடம் எப்படி இல்லை என்பது? வயிற்றில் குழந்தை புரண்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"படத்தில் ஒரு காட்சி இருக்கிறது" என்றார் பக்ஷி, உற்சாகமாக. "எனக்கு மகன் பிறந்த நாள். செட்டுக்கு ஆள் ஓடி வந்து சொல்கிறான். நான் தலையை ஆட்டிவிட்டு, 'அடுத்த ஷாட்' என்கிறேன். நிஜமாக நடந்தது. மூன்றாம் நாள்தான் மகன் முகத்தைப் பார்த்தேன். அந்தக் காட்சிதான் படத்தின் உயிர்."

"சாப், டீ ஆறுது" என்றான் ராஜவேலு.

"இரு. உன் மனைவிக்குத் தெரிய வேண்டும். மகளே, உன் புருஷனும் என்னைப் போலத்தான். கிழவர் வேஷத்துக்கு என் முகத்தில் இந்த அச்சை எடுத்த நாள் அது. காலையில் முதல் வேலை ஆரம்பிக்கும்போதே ஊரிலிருந்து தந்தி வந்துவிட்டது. பையில் வைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அச்சு, வார்ப்பு, பூச்சு என்று மூன்று நாள் வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எடுத்துக் காட்டினான். இவனல்லவா கலைஞன் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்."

வெளியே குதிரை கனைத்தது. சௌந்தர்யா இந்தியில் மெல்லக் கேட்டாள். "பியூன் வைத்துக்கொள்ளவில்லையா?"

"எந்தப் பியூன்? என் கண் முன்னாலேயே வாங்கினானே."

கொளஞ்சியம்மாள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாடி சொல்றாரு? ஏன்டி இப்படி வெளுத்துப் போன?"

ஏதோ ஆகிவிட்டது என்று பக்ஷிக்கும் புரிந்தது. அச்சை மெல்ல மடியில் இறக்கி வைத்தார்.

ராஜவேலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சௌந்தரி, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குதுன்னு மட்டும்தான் போட்டிருந்தாரு உங்கப்பா. சாதாரணமா நடக்கறதுதானேன்னு... ஊத்தின பிளாஸ்டரை விட்டுட்டு வர முடியல. வான்னு யாரும் போடல. வான்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா..."

"வந்திருப்பீங்களா?"

அவன் விரலில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினான்.

தெரிந்திருந்தால் வந்திருப்பார் என்பது நான்கு வருஷமாக அவள் சாய்ந்துகொண்டிருந்த சுவர். இப்போது அது இல்லை. ஆனால் தான் விழவில்லை என்பதும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓவென்று கத்தலாம். தாலியைக் காட்டி, செத்த குழந்தையைச் சொல்லி, இந்தப் பெரிய மனிதரின் முன்னால் அவனைக் கூனிக் குறுக வைக்கலாம். அதில் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியது ஒன்றுதான். அதை அவள் ஒரு நாளும் வாய் விட்டுக் கேட்டதில்லை. தானாகத் தெரிய வேண்டும் என்று காத்திருந்தாள். தெரிந்த பின்பும் அவன் மூன்று நாள் இருந்திருக்கிறான்.

அவள் மெதுவாக அவன் எதிரே போய் நின்றாள். மண் காய்ந்து வெளுத்திருந்த அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னங்க, இந்தப் பக்கம் பாருங்க. நானே கேக்கறேன். போகாதீங்க. இந்தக் குழந்தை பொறக்கறப்ப நீங்க இங்க இருக்கணும். என் கூட இருங்க."