பொம்மைக்குக் கிடைத்த வலை

நாளை எங்கள் ஊரில் டிராம் கம்பெனிகளின் மாநாடு. வண்டியின் முகப்பில் தொங்கி, தண்டவாளத்தில் விழுந்தவரை அள்ளிக்கொள்ளும் முன்வலையை எல்லாருக்கும் காட்டியே தீர வேண்டும் என்றார் மேலாளர் கிரிஸ்வோல்டு. கண்காட்சி வண்டிக்குப் புது வலை வந்துசேரவில்லை. பள்ளிக்கூடத் தெருவில் ஓடும் வண்டியின் வலையைக் கழற்றி இதில் மாட்டியது நான்தான்.

அந்த வண்டியை ஓட்டும் ஹால்வர், நான் வேலை பார்க்கும் டிராம் பட்டறைக்குள் வந்து கத்தினான்.

"யோவ் டோபின், என் வண்டி மூஞ்சி மொட்டையா நிக்குது. எவனாவது குறுக்க விழுந்தா உன் தொப்பியில பிடிக்கவா?"

"ரெண்டு நாள்தான்யா. மணியை நல்லா அடிச்சு ஓட்டு," என்றேன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மத்தியானம் ஒத்திகை. என் மகள் எல்சியின் பழைய கவுனை வைக்கோல் பொம்மைக்கு மாட்டித் தண்டவாளத்தில் கிடத்தினோம். வண்டி வந்தது. வலை பொம்மையை அலுங்காமல் அள்ளியது.

"பார்த்தியா, ஒரு வைக்கோல்கூட உதிரல!" என்று மேலாளர் கைதட்டினார். நானும் தட்டித் தொலைத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் எல்சி கேட்டாள்: "ஹால்வர் மாமா இன்னிக்கு வண்டிய நிறுத்தி எறங்கி, எங்க எல்லாரையும் கையப் பிடிச்சுத் தண்டவாளம் தாண்ட விட்டாருப்பா. ஏம்ப்பா?"

வாயில் ரொட்டி இருப்பதுபோல மென்றுகொண்டே இருந்தேன்.