பின்சீட்டில் ஒரு தூக்குவாளி

தண்ணீர் எவ்வளவு சிந்துகிறது என்பதை வைத்துத்தான் சோலைமுத்து மோட்டார் சைக்கிள்களுக்கு மதிப்புப் போட்டான். ஒரு பித்தளைத் தூக்குவாளியில் விளிம்பு தட்ட நீர் நிரப்பி, மூடி போடாமல், பின்சீட்டில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவான். வேடசந்தூரில் தன் வீட்டு வாசலில் புறப்பட்டுத் திண்டுக்கல் வரை போய், அங்கே கால்கூட ஊன்றாமல் திரும்பி வருவான். போக வர இருபத்தைந்து மைல். வந்ததும் மிச்சமிருக்கும் தண்ணீரை உழக்கால் அளந்து, எத்தனை உழக்கு போயிற்று என்று பார்ப்பான். அளக்கும்போது மனைவி ராமுத்தாய் பக்கத்தில் நிற்க வேண்டும். அவளுக்காகத்தான் இத்தனை பாடும். அவளுக்கு அப்போது மூன்று மாதம்.

அவனுடைய சொந்த வண்டி பட்டாளத்தார் கழித்து ஏலம் விட்ட பழைய வண்டி. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. ரோட்டில் ஒரு கல் கிடந்தால் அந்தக் கல் நேராக முதுகெலும்புக்கு வந்து சேரும். அதில் தூக்குவாளி பாதிக்குமேல் காலியாகித் திரும்பியது. அடுத்த வாரம் புல்லட் வந்தது. திண்டுக்கல்லில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஸ்தனிஸ்லாஸ், சோலைமுத்துவோடு பட்டாளத்தில் இருந்தவன். ரிப்பேருக்கு வந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் ஒரு நாள் கொடுத்து அனுப்பினான். புல்லட்டில் நாலு உழக்கு போயிற்று. மேடு பள்ளத்தை அது மிதித்துக்கொண்டு போகிறது, ஆனால் நின்றால்கூட எஞ்சின் அதிர்வு சீட்டுக்கு ஏறுகிறது என்றான் சோலைமுத்து. ராமுத்தாயை ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, ஹாண்டிலைப் பிடித்து மெல்ல ஆட்டி, இடுப்பு பிடிக்கிறதா, கால் மரக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

அவளுக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். சேலை கட்டினவள் ஒருக்களித்து உட்கார வேண்டும்; வண்டி நேராகப் போகும், உடம்பு பக்கவாட்டில் இருக்கும், கழுத்து மட்டும் முன்னால் திரும்பியிருக்கும். பத்து மைலுக்குமேல் போனால் எந்தச் சீட்டாக இருந்தாலும் இடுப்பு ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். அதைச் சொன்னபோது சோலைமுத்து தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். சீட்டு நீளமாக இருந்தால் முறுக்கல் குறையும், நீளச் சீட்டு உள்ள வண்டி பார்க்கலாம் என்றான்.

ஊரில் எந்த ஆம்பிளை பெண்டாட்டிக்கு இப்படி மெனக்கெடுவான் என்று ராமுத்தாய் அப்போது நினைத்தாள்.

அவன் பம்புசெட் கம்பெனியின் ஏஜெண்ட். ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, பாலசமுத்திரம் என்று கிணறு இருக்கிற ஊரெல்லாம் போய் ஆயில் எஞ்சின் விற்பான், விற்றதைப் பழுதும் பார்ப்பான். மாதத்தில் இருபது நாள் வண்டிமேல்தான் பிழைப்பு. கல்யாணமான மறுவருஷம் தை மாதத்தில், ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த ராமுத்தாயைப் பழநிக்கு வண்டியில் கூட்டிப்போனான். திரும்பி வந்த பத்தாம் நாள் கரு கலைந்தது. அதற்கு அடுத்த வருஷம் பங்குனியில் இரண்டாவது. ஏழாம் மாதம், பிள்ளை அசைவில்லை என்று அவள் சொல்ல, அதே வண்டியில்தான் திண்டுக்கல் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஆண் பிள்ளை. செத்துத்தான் பிறந்தது. சகாயராணி என்ற நர்ஸ் அதைத் துணியில் சுற்றி முகத்தை மட்டும் காட்டினாள். தோல் அங்கங்கே உரிந்திருந்ததை ராமுத்தாய் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பார்த்துவிட்டாள்.

மாமியார் ஒச்சம்மாள் அழுது முடித்ததும் மகனைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஏற்றி இரண்டு உயிரைக் குலுக்கிக் கொன்றுவிட்டான் என்று தெருவே கேட்கச் சொன்னாள். சோலைமுத்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் இருவரிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள். முடிவு கேட்க அவன் மட்டும் போய்வந்தான். ரத்தத்தில் ஒன்றும் குற்றமில்லையாம், அதிர்ச்சிதான் காரணமாம் என்றான்.

மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனதும் ராமுத்தாய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். மில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வரும் பஸ்ஸில் வேண்டாம், நல்ல வண்டி ஒன்று அமையட்டும், பூப்போல கூட்டிப்போகிறேன் என்றான். நல்ல வண்டி தேடுவதிலேயே மாதம் மூன்றாகியிருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்று வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினான். சோலைமுத்து தூக்குவாளியோடு காலையிலேயே பஸ் ஏறிப்போனான். அன்று வேடசந்தூர் சந்தை. ராமுத்தாய் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அம்மை குத்த வந்திருந்த ஆஸ்பத்திரி வேன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்றிருந்தது. வேனிலிருந்து இறங்கிய சகாயராணி அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்து ஆளில்லாத புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

"எத்தனை மாசம்மா?"

"மூணு."

"ஊசி எங்க போட்டுக்கிட்டீங்க, ரெண்டு பேரும்? எங்ககிட்ட வரவே இல்லையே."

"என்ன ஊசி?"

நர்ஸ் பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு, உன் வீட்டுக்காரரை டாக்டரம்மா அரைமணி நேரம் உட்காரவைத்துப் பேசினார்களே என்றாள். அதற்குமேல் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தத்தில் இருக்கிற மேகநோய். ஆணிடமிருந்து பெண்ணுக்கும், பெண்ணிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போவது. இரண்டு பேர் ரத்தத்திலும் இருக்கிறது. ஏழாம் மாதப் பிள்ளை தோலுரிந்து செத்துப் பிறப்பது குலுக்கலால் அல்ல, அந்த நோயால். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. புருஷனும் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை தள்ளிப் படு.

"எனக்கு எங்கேருந்துக்கா வந்துச்சு?"

சகாயராணி பதில் சொல்லுமுன் கூடையிலிருந்து விழுந்த ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திரும்பப் போட்டாள். "அத நீ அவருகிட்டதாம்மா கேக்கணும். செவ்வாக்கெழமை வந்துரு. அவரு வந்தாலும் வராட்டியும் நீ வந்துரு."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ராமுத்தாய்க்கு அழுகை வரவில்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தாய் திட்டத் திட்ட அவன் தலை கவிழ்ந்து நின்றது. அந்தப் பழியை வேண்டாம் என்று தள்ளாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. பெற்ற தாயிடம் இப்படிப் பேச்சு வாங்குகிறானே என்று இவள் ராத்திரிகளில் அவனுக்கு ஆறுதல் சொன்னது. அதை நினைத்தபோதுதான் உடம்பு பற்றி எரிந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஜாவா வந்தது. அரக்குச் சிவப்பு, முன்னும் பின்னும் ஒரே நீளச் சீட்டு. சோலைமுத்துவின் முகம் அப்படி மலர்ந்து அவள் பல மாதங்களாகப் பார்த்ததில்லை.

"ஏ புள்ள, முக்கா உழக்குகூட சிந்திருக்காது. வந்து பாரு."

அவள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "சகாயராணி நர்ஸப் பாத்தேன்" என்றாள்.

அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒச்சம்மாள் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவன் உள்ளே வந்து கதவோரமாகக் குந்தினான். அவள் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான்.

"பட்டாளத்துல இருக்கும்போது. ஒரே ஒருவாட்டி. ஊசி போட வரச் சொன்னாங்க. நாலு நாள் போனேன். தடிப்பு மறைஞ்சுச்சு, ஆறிப்போச்சுன்னு பெறகு நான் போகல."

"பங்குனியில தெரிஞ்சுச்சுல்ல?"

"தெரிஞ்சுச்சு."

"பெறகு எதுக்கு இந்தத் தண்ணிய அளந்துக்கிட்டு இருந்தீங்க?"

"அம்மா வண்டியாலன்னு சொன்னதும், வண்டியாவே இருந்துட்டா தேவலையேன்னு இருந்துச்சு. சொல்லிச் சொல்லி எனக்கே வண்டிதான்னு பட்டுப்போச்சு." அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். "ஒங்கிட்ட எந்த வாயால சொல்வேன்?"

ராமுத்தாய் குரலை உயர்த்தவில்லை. கொல்லையில் ஆள் இருக்கிறது.

"இந்த உசுரும் போயிருந்தா, அடுத்து எந்த வண்டியக் கொண்டாந்திருப்பீங்க?"

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போகிறேன், வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அன்று முதல் மாமியாரோடு படுத்துக்கொண்டாள். மருமகள் இந்தத் தடவையாவது புத்தியாக இருக்கிறாள் என்று ஒச்சம்மாளுக்கு அதில் திருப்தி.

செவ்வாய்க்கிழமை அவள் பஸ் ஏறியதற்கு ஒச்சம்மாள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். மோட்டார் சைக்கிளில் கொன்றது போதாதென்று பஸ்ஸிலும் குலுக்கப் போகிறாயா என்று கேட்டாள். உண்மை ராமுத்தாயின் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அந்தக் கிழவி மகனை என்ன பாடு படுத்துவாள் என்பதும், அதைவிட, மருமகள்மேல்தான் முதல் சந்தேகம் விழும் என்பதும் தெரிந்து விழுங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் மில்லுக்குப் போகும் பெண்கள் இடம் விட்டார்கள். ஊர் எல்லை தாண்டியதும் ஜன்னல் வழியே பார்த்தால், பஸ்ஸின் புழுதிக்குப் பின்னால் அந்தச் சிவப்பு வண்டி வந்துகொண்டிருந்தது. முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. திண்டுக்கல் வரை அப்படியே வந்தது. ஆஸ்பத்திரி கேட்டில் அவள் உள்ளே போனாள். அவன் எதிர்ப்பக்கம் மரத்தடியில் வண்டியோடு நின்றுவிட்டான். ஊசி போட்ட இடம் கட்டியாக வலிக்க, அவள் வெளியே வந்தபோதும் அங்கேயே நின்றான். அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அடுத்த செவ்வாய் அவன் கேட் வரை வந்தான். பிறகு உள்ளே வந்தான். டாக்டரம்மா சத்தம் போட்டது வராந்தாவில் உட்கார்ந்திருந்த ராமுத்தாய்க்குக் கேட்டது. அவன் ஊசி வலியில் நொண்டிக்கொண்டு வெளியே வந்து அவளுக்கு ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். மூன்று வாரம் அவளுக்கு. ஒரு வாரம் பிந்தித் தொடங்கிய அவனுக்கு முடிய இன்னும் ஒரு வாரம் ஆனது.

மாசி மாதம் பஸ் ஏறி இறங்கக் கஷ்டமானபோது அவள் ஜாவாவில் ஏறினாள். சோலைமுத்து பழைய வண்டியை ஸ்தனிஸ்லாஸிடம் கொடுத்து அதைத் தனக்கே வாங்கியிருந்தான். வண்டி நிஜமாகவே சுகமாக இருந்தது. இடுப்பு முறுக்கவில்லை, குழிகளில் அது அமிழ்ந்து எழுந்தது, திண்டுக்கல் வந்துசேர்ந்ததே தெரியவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பொய்க்காகத் தேடிய வண்டி இவ்வளவு நன்றாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் அழுகையில் குறைவில்லை. சகாயராணி குழந்தையைத் துணியை விலக்கி முழுசாகக் காட்டினாள். ராமுத்தாய் கால் விரல் வரை தொட்டுப் பார்த்தாள். சோலைமுத்து குழந்தையைக் கையில் வாங்கியதும் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதான். அவள் அவனை அழ விட்டாள்; ஆறுதல் சொல்லவில்லை.

ஊரில் பேர் வண்டிக்குத்தான் கிடைத்தது. ஒச்சம்மாள் சந்தைக்குச் சந்தை ஜாவாவின் பெருமையைச் சொன்னாள். நெடுந்தூரம் போகிறவர்கள் எந்த வண்டி முதுகை வாங்காது என்று சோலைமுத்துவிடம் கேட்டு வந்தார்கள். முதலில் அவன் கூசினான். ஐப்பசி வாக்கில் பழகிவிட்டது. புல்லட் சுமைக்கு நல்லது, ஜாவா சொகுசுக்கு நல்லது என்று நின்று விவரம் சொல்ல ஆரம்பித்தான்.

அப்படித்தான் பாலசமுத்திரத்திலிருந்து பொன்னழகு வந்தான். சோலைமுத்துவிடம் எஞ்சின் வாங்கிய தென்னந்தோப்புக்காரன். கூடவே அவன் மனைவி சுந்தரம்மாள், இருபது வயதுகூட இராது. மூன்று பிள்ளை தங்கவில்லை, ஸ்கூட்டரில் போய் வந்ததுதான் காரணமென்று வீட்டில் சொல்கிறார்கள், எந்த வண்டி வாங்கலாம் என்று யோசனை கேட்க வந்திருந்தார்கள். ஆண்கள் இருவரும் வாசலில் வண்டியைச் சுற்றி நின்றார்கள். சோலைமுத்து என்ன சொல்லுவான் என்று ராமுத்தாய் உள்ளிருந்து காது கொடுத்தாள். அவன் டாக்டரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசினான்.

சுந்தரம்மாள் தொட்டிலில் கிடந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, அந்த வண்டியில போனா நெசமாலுமே தங்குமுங்களா?"

ராமுத்தாய் எழுந்துபோய் வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"கடைசியாப் பொறந்ததுக்குத் தோல் எப்படி இருந்துச்சு?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அதைப் பற்றி அவளிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை போலிருந்தது. உரிந்திருந்தது என்றாள்.

"திண்டுக்கல் மிஷன் ஆஸ்பத்திரியில சகாயராணின்னு கேளு. நான் போனது செவ்வாக்கெழமை. ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. அவரையும் கூட்டிட்டுப் போ. முடிவு கேக்க அவர மட்டும் அனுப்பாத, நீயும் போய் உக்காரு."

"உங்களுக்கு எப்படீங்க்கா தெரியும்?"

"எனக்கும் இருந்துச்சு" என்றாள் ராமுத்தாய். "வண்டியால இல்ல."

வெளியே சோலைமுத்து வண்டியை உதைத்துக் கிளப்பிக் காட்டினான். பொன்னழகு பின்சீட்டில் ஏறி ஒரு சுற்றுப் போய்வரப் புறப்பட்டான். சத்தம் தெருமுனை வரை போகிறவரை சுந்தரம்மாள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, செவ்வாய்க்கிழமையில்தான் பார்ப்பார்களா, எல்லா நாளும் பார்ப்பார்களா என்று மெல்லக் கேட்டாள்.