மூன்று முறை வாங்கிய கிளாரினெட்

தாம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சைக்கு இசைத்தட்டு வாங்க மட்டும்தான் நேரமிருந்தது, கேட்க இல்லை. ஒரு தடவைகூட ஓடாத நானூறு தட்டுகள் அலமாரியில் கிடந்தன. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் போதும், பல்லாவரம் சந்தையில் ஆல்வின் விரித்திருக்கும் பழைய தட்டுகளின் முன்னால் போய்க் குந்திவிடுவார்.

"வூட்ல இடமே இல்லங்க" என்று மனைவி சித்திகா பலமுறை சொல்லிப் பார்த்தாள். பலனில்லை. அதனால் வியாழக்கிழமைதோறும் அலமாரியிலிருந்து இரண்டு தட்டுகளை உருவி, அடுத்த தெருவில் குடியிருந்த ஆல்வினிடம் கொடுத்தாள்.

"அவர்கிட்டயே வித்துடுங்க தம்பி."

மூன்று மாதத்தில் பிச்சை ஒரே கிளாரினெட் தட்டை மூன்று முறை வாங்கி வந்தார். மூன்றாவது முறை, "மெட்ராஸ்லயே இது ஒண்ணுதான் கீது, சித்திகா" என்றார். அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

பிச்சைக்கு முகம் சுருங்கியது. பிறகு தட்டை அவள் முன் தூக்கிக் காட்டினார்.

"மூணு தடவையும் இதான் புடிச்சிருக்கு பாரு. என் டேஸ்ட் மாறவே இல்ல."

"அப்போ ஒரு தடவ போட்டுத்தான் கேளுங்களேன்."

ஊசி இறங்கியது. கிளாரினெட் வரவில்லை. உறைக்குள் வேறு தட்டு இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் நிதானமாகக் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பிச்சை நிறுத்தப் போனார். சித்திகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க, தீவனம் சொல்றாரு."

இருவரும் முழுதாகக் கேட்டார்கள். முடிந்ததும் பிச்சையே எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கத்தில் வாத்து வளர்ப்பு.