ரூபினி மாற்றிய எழுத்து

மலேசியாவின் தெப்ராவில் இருந்த அந்தச் சின்ன வடிவமைப்பு அலுவலகத்தில் ரூபினிக்கு ஆறு வருடம். அல்ஃபியாவுக்கு ஆறே மாதம். அப்படியிருக்க, "இந்த பேனர் ஓகே ஆச்சுன்னா சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கிற பெரிய வேலைய அல்ஃபியா பாக்கட்டும்," என்று முதலாளி மகேஸ்வரன் சொன்னால் யாருக்குத்தான் வயிறெரியாது? ரூபினிக்கு நன்றாகவே எரிந்தது. அதோடு சிரித்துக்கொண்டே "கங்கிராட்ஸ் லா" என்று வேறு சொல்லித் தொலைத்தாள்.

பேனர், சம்சாத் பேகத்தின் சாப்பாட்டுக் கடை இணையதளத்துக்கு. அதில் பிரியாணி, மீன் தலைக் கறி என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல். எழுத்தின் ஓரங்களை மழமழவென்று ஆக்கும் 'ஸ்மூத்' அமைப்பை அல்ஃபியா வைத்திருந்தாள். எதைத் தொட்டாலும் அந்தப் பெண்ணுக்கு அழகாக வந்துவிடுகிறது. அதைத்தான் ரூபினியால் தாங்க முடியவில்லை.

மதியம் அல்ஃபியா தொழப் போனாள். கணினியைப் பூட்டிவிட்டுப் போகும் வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. ரூபினி கோப்பைத் திறந்து 'ஸ்மூத்'தை எடுத்துவிட்டு 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று வைத்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் ரம்பம் மாதிரி பல் பல்லாகத் தெரிந்தது. மனசு குளிர்ந்தது. படமாகச் சேமித்துவிட்டு மைலோ கலக்கப் போனாள். திரும்பி வந்த அல்ஃபியா, முடித்த வேலைதானே என்று திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

மாலையில் மகேஸ்வரன், அல்ஃபியா, ரூபினி மூவரும் ஜொகூர் பாருவில் இருந்த கடைக்குப் போனார்கள். கல்லாவில் இருந்த பழைய கணினியில் சம்சாத் பேகம் பேனரைத் திறந்தார். ரூபினி முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளத் தயாரானாள்.

"போன தடவ அனுப்புனது ஒரே மங்கலா இருந்துச்சு. இத கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுதே," என்றார் அவர்.

பொடி எழுத்தின் ஓரத்தை மழமழப்பாக்கினால் பழைய திரையில் கலங்கித்தான் தெரியும். ஆறு வருட அனுபவத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள், உள்ள அளவிலேயே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

மகேஸ்வரன் பாராட்ட வாயெடுப்பதற்குள் அல்ஃபியா சொன்னாள்:

"சார், நான் ஸ்மூத்லதான் வெச்சிருந்தேன். நான் தொழப் போனப்ப ரூபினி அக்கா மட்டும்தான் இருந்தாங்க. தப்ப எடுத்துச் சொன்னா நான் சங்கடப்படுவேன்னு சத்தமில்லாம சரி பண்ணியிருக்காங்க."

"அப்படியா? அப்ப சிங்கப்பூர் வேலைய நீயே பாரு ரூபினி," என்றார் மகேஸ்வரன்.

ஆறு வருடமாக ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. "சரி சார்," என்றாள் ரூபினி. அல்ஃபியா நிஜமான சந்தோஷத்தோடு அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். இந்த மனசும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று ரூபினிக்கு முன்பைவிட அதிகமாக வயிறெரிந்தது.